மஞ்சள் சீட்டில் நின்ற எண்ணெய்

சவரிமுத்து ஜான்பீட்டர், பிறப்பு 1964, எண்ணெய்க் கேனை முதலில் காதோரம் வைத்துக் குலுக்குவார். தலையைச் சற்றே சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு, தொலைவில் யாரோ பாடுவதைக் கேட்பவர் போல நிற்பார். பிறகு மூடியின் வளையத்தை நகத்தால் நெருடுவார். அதன்பின் கேனைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பாகத்தில் தேதி அச்சிட்ட இடத்தை வெயிலில் காட்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெறுங்கண்ணால் படிப்பார். குருபரப்பள்ளி நெடுஞ்சாலையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் வெங்கடப்பன் இதற்குள் வேறு இரண்டு பேருக்கு வியாபாரத்தை முடித்து அனுப்பியிருப்பார்.

"பீட்ரண்ணா, அது எண்ணெ. தேங்கா இல்ல."

"தேங்காய வாங்கி ஒடச்சா உள்ள இருக்கறது தெரிஞ்சிரும். இத ஒடச்சா நீ திருப்பி எடுத்துக்குவியா?"

வெங்கடப்பன் உள்ளே திரும்பித் தம் மனைவியிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொல்வார். ஜான்பீட்டருக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அந்த உண்மையை இருவரும் அந்த நேரத்துக்கு வசதியாக மறந்துவிடுவார்கள்.

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஜான்பீட்டர் கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்தார். வெளியிலிருந்து வரும் சரக்கைப் பரிசோதித்து உள்ளே விடும் பிரிவு அவருடையது. தேறிய சரக்குக்குப் பச்சைச் சீட்டு, தேறாததற்குச் சிவப்பு, சந்தேகமானதற்கு மஞ்சள்; நிறுத்திவைப்பு, அவர் வாயில் 'ஓல்டு'. மஞ்சள் சீட்டு கட்டிய பொருளைப் பரிசோதகர் கையெழுத்திடும் வரை முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை செய்தவர்கள் வேடிக்கையாக மூன்று நிறத்திலும் ஒவ்வொரு கட்டுச் சீட்டைக் கயிற்றோடு பரிசளித்தார்கள். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பேரிகைக்கு அருகில் உள்ள தம் ஊருக்கு வந்த மறுவாரமே சீட்டுகள் வீட்டில் நடமாடத் தொடங்கின. மஞ்சள் கட்டு எப்போதோ தீர்ந்து, ஓசூர் அச்சகத்தில் சொல்லிப் புதிதாக அடித்து வாங்கியாயிற்று. பச்சைக் கட்டின் மேல் சுற்றிய ரப்பர் வளையம் மட்டும் அன்று போட்டது போட்டபடி இருந்தது.

அவர் மனைவி மேரிராணி புதிதாக வாங்கிய குக்கர் ஒரு மாதம் மஞ்சள் சீட்டோடு அலமாரியில் இருந்தது. பலாப்பழம் மஞ்சள் சீட்டோடு அழுகியது. மகள் எஸ்லினைப் பெண் பார்க்க வந்த கிங்ஸ்டனைப் பற்றி, அவர்கள் வாசலைத் தாண்டிய உடனே, "ஓல்டுல வெச்சிருக்கேன்" என்று அறிவித்தார். திருமணம் நடந்து, அவர்களுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் கையெழுத்து போடலீங்களே?" என்று மேரிராணி அவ்வப்போது கேட்பார்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஊரார் நிலங்களை உழுது கொடுக்க அவர் வைத்திருக்கும் டிராக்டருக்கு எந்த எண்ணெய் பொருந்தும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் 15W40 என்று போட்டிருக்கிறது. காலைக் குளிரில் சட்டென்று ஓடி எல்லா இடத்தையும் சேர வேண்டும், உழவுச் சூட்டில் நீர்த்துப் போகாமல் நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஏற்றது அது. கெட்டியாக இருந்தால் நல்லது என்று நம்பிப் பழைய ஒற்றைத்தர எண்ணெயை ஊற்றுகிறவர்களிடம் அவர் வாதாடியிருக்கிறார். டிசம்பர் விடியலில் அவர்களுடைய வண்டி கிளம்ப மறுத்து முனகும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். அவருடைய சிக்கல் வேறு.

"புத்தகத்துல போட்டிருக்கறது வேதவாக்கு மாதிரி. ஒத்துக்கறேன். டப்பாக்குள்ள அதேதான் இருக்குதுன்னு எந்த வேதத்துல போட்டிருக்கு?"

இத்தனை விசாரணையும் எண்ணெய்க்கு மட்டுமே. டீசலை அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துப் பெட்ரோல் பங்கில் பிடிப்பார். அங்கே விலை குறைவு. அந்த டீசலை ஒருநாளும் குலுக்கிப் பார்த்ததில்லை, முகர்ந்ததும் இல்லை. யாராவது இதைச் சுட்டிக்காட்டினால், "அது வேற டிபார்ட்மென்ட்டு" என்பார்.

எண்ணெய் மேல் அவருக்கு இப்படி ஒரு பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரிடம் இருந்தது பழைய வண்டி. முதல் மழை விழுந்திருந்தது. ஏர் ஓட்டித் தரச் சொல்லி ஆள்கள் வரிசையில் நின்றார்கள். அவசரத்தில், சாலையோரம் வேனில் வைத்து விற்ற ஒருவரிடம் கேனை வாங்கி, பாராமல் ஊற்றினார். பக்கத்து நிலத்துக்காரி நஞ்சம்மாவின் மானாவாரிக் கொல்லையில் பாதி உழுதிருந்தபோது எஞ்சின் ஒரு முறை கத்திவிட்டு இறுகி நின்றது. வண்டியை வெளியே இழுக்க ஆளும் கயிறும் தேடி அலைந்ததில் ஈரம் காய்ந்தது. நஞ்சம்மாவுக்கு அந்த ஆண்டு கேழ்வரகு இல்லை. மகன்கள் இருவரும் பெங்களூரில் இருக்க, தனியே சமைத்து உண்ணும் அந்த அம்மாள் ஆண்டு முழுவதும் ரேஷன் அரிசிச் சோற்றைத் தின்றார். களி கிண்டாத வீட்டில் தூக்கம் வரவில்லை என்று ஊரெல்லாம் சொன்னாரே தவிர, ஜான்பீட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் ஜான்பீட்டர் கொஞ்சம் நன்றாக உறங்கியிருப்பார்.

பிறகு ஓய்வுப் பணத்தில் மிச்சமிருந்ததைப் போட்டுப் புது டிராக்டர் வாங்கினார். இந்த ஆண்டு அவராகவே நஞ்சம்மா வீட்டுக்குப் போய், "மொத மழைக்கு மொத ஏரு ஒன் கொல்லைலதான்க்கா" என்று வாக்குக் கொடுத்தார்.

மழை செவ்வாய்க்கிழமை பெய்தது. புதன் காலை மண் பதமாக இருந்தது. அன்றுதான் ஜான்பீட்டருக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய நினைவு வந்தது. வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் பழைய அலுமினிய அன்னக்கூடையை வைத்து, போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக வடித்தார். வடிகட்டியையும் புதிதாக மாட்டினார். எல்லாம் முறைப்படி செய்தார். ஊற்ற வேண்டிய எண்ணெயை முதலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

வெறும் வயிற்றோடு வண்டி கொட்டகையில் நிற்க, அவர் கடை கடையாக ஏறினார். பேரிகையில் கேனின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தது. சூளகிரியில் மூடி அளவுக்கு மீறி இறுகியிருந்தது. வியாழன் மாலை குருபரப்பள்ளியில் வெங்கடப்பனிடம் ஏழரை லிட்டர் கேன் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வந்த பிறகுதான், அதன் தேதி அச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டார். மஞ்சள் சீட்டு ஏறியது. வெள்ளிக்கிழமை அதே கேனைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் குருபரப்பள்ளி போனார். வெங்கடப்பன் பொறுமையாக இன்னும் நான்கு கேன்களை இறக்கிக் காட்டினார். நான்கிலும் அச்சு அதே பக்கம் சாய்ந்திருந்தது.

"பாத்தியாண்ணா? மிசினு அப்படி."

"எல்லாமே ஒரே மாதிரி சாஞ்சிருக்குது பாரு. அதான் இன்னும் ஜாஸ்தி சந்தேகமா இருக்கு."

கேன் சீட்டோடு போய்ச் சீட்டோடு திரும்பி வந்தது.

சனிக்கிழமை காலை நஞ்சம்மா வந்தார். கையில் ஒரு மண்ணாங்கட்டி இருந்தது. கொட்டகை வாசலில் நின்று அதை விரலால் அழுத்தினார். மேல்பக்கம் மாவாக உதிர்ந்தது.

"ஏம்பா பீட்டரு, வண்டி எப்ப வரும்?"

"எண்ணெ ஓல்டுல இருக்குதுக்கா."

"அப்படின்னா?"

"தொடக்கூடாது. இன்ஸ்பெக்டரு கையெழுத்து போடற வரைக்கும்."

"அவரு எந்த ஊருலருந்து வரணும்?"

சமையலறைச் சன்னலிலிருந்து மேரிராணியின் குரல் வந்தது. "ஒங்க எதிர்லதான் நிக்கறாரு நஞ்சக்கா. இன்னிக்கு அவருக்கு லீவு."

நஞ்சம்மா சிரிக்கவில்லை. கேனைச் சுற்றி வந்து பார்த்தார். பேரிகை ராமப்பனின் வண்டியைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், அவன் மூன்று நாளாக வேறு கொல்லையில் இருக்கிறான். திங்கள் கிழமைக்கு முன் வரமாட்டானாம். திங்களுக்குள் மீதி ஈரமும் போய்விடும். இதை எல்லாம் அவர் யாரையும் குறை கூறாத குரலில், வானிலை சொல்வது போலச் சொன்னார். பிறகு மண்ணாங்கட்டியைக் கேனின் தலையில் வைத்தார்.

"அன்னிக்குக் கெட்ட எண்ணெய ஊத்தி என் கொல்லைய பாதில விட்ட. இன்னிக்கு நல்ல எண்ணெ தேடி முழுசா விடப் போற. எனக்கு ரெண்டும் அரிசிச் சோறுதாம்பா."

மூன்று ஆண்டுகளாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவுதான்.

ஜான்பீட்டர் மண்ணாங்கட்டியை எடுத்துக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மீண்டும் இறக்கினார். மஞ்சள் சீட்டின் முடிச்சு அவிழவில்லை; பல்லால் கடித்து அறுத்தார். மூடியைத் திருகியதும் பழக்கம் விடாமல் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்து, முகர்ந்தார்.

"இன்னாங்க சொல்லுது?" என்றார் மேரிராணி.

"எண்ணெ மாதிரிதான் இருக்குது."

புனலை வைத்து ஊற்றினார். அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சாவியைத் திருப்பியதும் எண்ணெய் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் உறுமிய பின்னும் கண்ணிமைக்கும் நேரம் அது அணையாமல் நின்றது. அந்த நேரத்தில் ஜான்பீட்டர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். விளக்கு அணைந்தது.

நஞ்சம்மாவின் கொல்லையை முழுவதும் அன்றே உழுதார். அந்த விளக்கு மீண்டும் எரிகிறதா என்பதிலேயே அவர் கண் இருந்தது. முன்னால் இருந்த நிலத்தை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. சால்கள் வரப்பை விட்டு விலகியும், வரப்போடு உரசியும், நடுவில் இருந்த கல்லைத் தேவையில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றியும் போயின.

"கோடு போட்டியா, கோலம் போட்டியா?" என்றார் வரப்பில் உட்கார்ந்திருந்த நஞ்சம்மா. பிறகு எழுந்துபோய், புரண்டு கிடந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்தார், முகர்ந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஜான்பீட்டர் வண்டியை விட்டு இறங்காமல், எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்.

"இன்னாக்கா?"

"ஓல்டு," என்றார் நஞ்சம்மா. கொஞ்ச நேரம் அவரை அப்படியே காக்கவைத்துவிட்டு, மடியிலிருந்த விதைப் பையை அவிழ்த்தார்.

அவர் முதல் கை விதையை வீசியதும் ஜான்பீட்டர் இறங்கி, இருக்கைக்கு அடியில் இருந்த கருவிப்பெட்டியைத் திறந்தார். அடியில் கிடந்த சீட்டுக் கட்டை எடுத்து ரப்பர் வளையத்தைக் கழற்றினார். காய்ந்திருந்த வளையம் கையிலேயே அறுந்தது. மேலாக இருந்த சீட்டை உருவி, அதன் மூலையில் கையெழுத்துப் போட்டு, நஞ்சம்மாவின் வேலிப் படலில் இரட்டை முடிச்சாகக் கட்டினார். ஓய்வுக்குப் பின் அவர் முதன்முதலாகப் பச்சைச் சீட்டுக் கட்டியது 2025 ஜூலை 5, சனிக்கிழமை.