துண்டுக்கடியில் பேசிய பேரம்

கடன் முற்றிப்போய்க் கொலைவரை போகும் அண்ணன் தம்பியைப் பற்றிய ஒரு படத்துக்கு என் இரண்டு அண்ணன்களும் என்னைக் கூட்டிப் போனார்கள். கேரள எல்லையோரம் முதலமடையில் நாங்கள் குடியிருந்த வீடு ஏலத்துக்கு வருகிறது என்று பைனான்ஸ்காரன் வந்து சொல்லிவிட்டுப் போன வாரம் அது. வேறு படமே கிடைக்கவில்லையா என்று எனக்கு எரிச்சல். திரையில் பிணத்தைப் புதைக்கிறார்கள். பெரியண்ணன் பாப்கார்ன் தின்றபடி, "வெவரம் பத்தாத பசங்க அம்மிணி" என்று வருத்தப்பட்டார்.

தனக்கு விவரம் பத்தும் என்று அவர் நினைப்பு. வெளியே வந்ததும் சின்னண்ணன் என்னிடம் உளறிவிட்டார். இருவரும் மாட்டுத் தரகர்கள். பொள்ளாச்சிப் பக்கத்து ஆள் ஒருவன் வந்து கேட்டிருக்கிறான்: மாடு ஏற்றி வரும் வண்டியில், வைக்கோலுக்கு அடியில் சில பொட்டலங்களை வைத்து எல்லை தாண்டிக் கொடுத்தால் போதுமாம். உள்ளே என்ன என்று கேட்கக் கூடாதாம். ஒரே நடையில் வீடு மீண்டுவிடுமாம்.

புருஷன் போன பிறகு எனக்கென்று இருப்பது இவர்கள் இருவர்தான். "ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாருங்ண்ணா இருக்கறா?" என்று அழுதேன்.

"படத்துலதான் மாட்டுவானுக அம்மிணி" என்றார் பெரியண்ணன். அடப்பாவி!

பேச்சுவார்த்தைக்கு அவர்கள் பிடித்த ரகசிய இடம் என் டீக்கடை. காலை நேரம், பெஞ்சு நிறைய ஆட்கள். பொள்ளாச்சிக்காரன் ஓரமாக உட்கார்ந்து, தொகையைச் சொல்ல வாயெடுத்தான். பெரியண்ணன் பதறிப்போய், "வாயால சொல்லாதீங்க" என்று தோளிலிருந்த துண்டை அவன் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கடியில் விரலைத் தொட்டே தொகை சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அவருக்கு வேறு விதமாகப் பேரம் பேசவும் தெரியாது.

விலைதான் தெரியாது. துண்டு விழுந்தால் வியாபாரம் நடக்கிறது என்று எங்கள் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். பெஞ்சே எழுந்து வந்துவிட்டது.

"மாடு எங்கீங்க?"

"எத்தன பல்லுங்க?" என்று மாட்டின் வயதைக் கேட்டார்கள்.

"கன்னுக்குட்டிங்க" என்று சின்னண்ணன் ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். "வண்டி எங்க நிக்குது? வாங்க, பாத்துட்டு நாங்களும் ஒரு வெல சொல்றோம்" என்றார் ஒருவர். "நீங்க யாரூட்டுப் பையனுங்க?" என்று இன்னொருவர் அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அவனுக்கு வியர்த்துவிட்டது. கையை உருவப் பார்த்தான். பெரியண்ணன் விட்டால்தானே? தொகையை இன்னும் ஏற்றச் சொல்லி விரலை அழுத்திக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒருவழியாகக் கையைப் பிடுங்கிக்கொண்டு அவன் போனவன்தான். அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வீடு ஏலம் போனது. சின்னண்ணன் இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு ராத்திரிக் காவல் இருக்கிறார். "அந்தப் பாழாப்போன கூட்டம் வராம இருந்திருந்தா ஊடு மிஞ்சியிருக்கும்" என்று பெரியண்ணன் இன்னும் புலம்புகிறார். பிழைக்கத் தெரியாதவர்கள் என்று ஊரும் உச்சுக்கொட்டுகிறது. நானும் ஆமாம் போடுகிறேன்.

தினமும் காலையில் இருவரும் கடைக்கு வந்து, டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று என்னோடு சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பிடிக்கிறார்களே, எனக்கு அது போதும்.