மூன்று பாட்டுக்கும் எழும்புகிறவர்

வாயில் வைத்த சோற்றை மெல்லாமலே எழும்பி நிற்கிறார் குருசுமுத்து அண்ணை. எதிரே ஸ்கொட்லாந்துக்காரன் மக்கே பாடத் தொடங்கிவிட்டான். ஹொல்ஸ்டெப்ரோ இறைச்சித் தொழிற்சாலையில் எங்களுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். அதில் பாதி அண்ணைக்கு நிற்பதிலேயே போய்விடும்.

மன்னாரில் பதினொரு வருடம் தியேட்டரில் ரிக்கற் கிழித்தவர் அவர். படம் முடிந்து தேசியகீதம் ஒலிக்கும்போது, எழும்பாமல் இருக்கிறவர்களின் தோளில் தட்டுவதும் அவர் வேலைதான். டென்மார்க் வந்து இரண்டு வருடமாகியும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. பாட்டுக் கேட்டதும் என் தோளில் அடி விழும். ஃபோர்மன் யென்ஸின் தோளை மட்டும் தொடமாட்டார். அண்ணையின் வேலை நிரந்தரமாவது அவன் கையெழுத்தில் இருக்கிறது.

மக்கேயின் நாட்டுக்குச் சட்டப்படி தனிக் கீதம் கிடையாது. பந்தாட்டத்துக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, தண்ணி போட்டால் ஒன்று என்று மூன்று வைத்திருந்தான். எது உங்கள் கீதம் என்று கேட்டால், அன்றைக்குப் பாடியதைச் சொல்வான்.

"அண்ணை, ஒண்டுமே அரசாங்கக் கீதமில்லையாம். இருந்து சாப்பிடுங்கோ" என்றேன்.

"அரசாங்கம் எழுதிக் குடுத்தாத்தானோ? பாடேக்க அவன்ர கண் கலங்குது, பாத்தனியே? அது காணும். எழும்படா!"

எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் எழும்பினேன்.

மக்கே ஊருக்குத் திரும்புமுன் கடைசி வேலைநாள், "இன்றைக்கு உன் நாட்டுப் பாட்டு" என்று அண்ணையைப் பிடித்துக்கொண்டான். அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. பதினொரு வருடம் ஊரையே எழுப்பிவிட்ட அந்தக் கீதம், எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அவர் வாயில் வருவதில்லை. கேட்ட மக்கேயின் மேல் எனக்குக் கோபம் வந்தது.

"வேற என்னத்தையடா நான் பாட?" என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு தொண்டையைச் செருமி, கரைவலை இழுக்கும்போது தகப்பன் பாடிய அம்பாப் பாட்டைத் தொடங்கினார். முதல் அடியிலேயே குரல் உடைந்தது. மக்கே சட்டென்று எழும்பினான். யாரும் தட்டாமலே நானும் எழும்பினேன். யென்ஸ் மட்டும் இருந்த இடத்திலேயே பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தான்.

அண்ணை பாட்டை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே மேசையைச் சுற்றிப் போய், அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.