பார்த்ததாகச் சொன்ன தாள்

எங்கள் பள்ளத்தாக்கில் எலுனெட் என்ற பெயரில் நான்கு பேர். அதனால் இவள் சேப்பல் எலுனெட். சேப்பல் என்கிற எங்கள் சிறு தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்னறையில் எல்லோருக்கும் டீ ஊற்றுகிறவள். முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தபோதும், ருசியில்லாத சூப்பை ருசி என்று பிள்ளைகளிடம் சொன்னதில்லை. அவள் ஒன்றைப் பார்த்தேன் என்றால் நாங்கள் யாரும் போய்ப் பார்க்க மாட்டோம். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது.

போன தேர்தலில் வேட்பாளர் ஒருவர் அவள் வீட்டுக்கு வந்தார். பழ ரொட்டியில் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "நம்ம ஆஸ்பத்திரியில இதய வார்டை மூட மாட்டாங்கம்மா. அரசாங்கம் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்றார்.

அப்போது எங்கள் சேப்பலுக்கு வரும் ஹேடன் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவி நெஸ்டாவுக்கு இதய நோய். வார்டை மூடினால் என்ன கதி என்று பயந்து, ஸ்வான்சி நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி பக்கம் குடிபோக நினைத்தார்கள். சேப்பல் பாடகர் குழுவில் நாற்பது வருடம் பக்கத்தில் நின்று பாடிய நெஸ்டா போய்விடுவாளே என்று எலுனெட்டுக்குத் தாங்கவில்லை.

"வீட்ட விக்காத ஹேடன். வார்டு எங்கயும் போகாது. மூட மாட்டோம்னு கையெழுத்துப் போட்ட தாளை நான் கண்ணால பார்த்தேன்" என்றாள், டீ ஊற்றிக்கொண்டே.

அன்று மாலையே ஹேடன் பலகையைக் கழற்றினான். வேட்பாளர் ஜெயித்தார். நான்கே மாதத்தில் வார்டுக்குப் பூட்டு. பிப்ரவரியில், ஸ்வான்சிக்குக் கொண்டுபோகும் வழியில் மலைச்சாலையில், ஆம்புலன்சுக்குள்ளேயே நெஸ்டா போய்விட்டாள். அப்படி ஒரு தாளே கிடையாது என்றார் ஜெயித்தவர். இவர்களையெல்லாம் நம்பி வரிசையில் நின்றோமே, எங்களைச் சொல்ல வேண்டும்.

வாக்காளரிடம் பொய் சொல்லும் வேட்பாளரைத் தண்டிக்கச் சட்டம் கொண்டுவரலாமா என்று தலைநகர் கார்டிஃபில் ஒரு குழு விசாரித்தது. ஏமாந்தவர்கள் வந்து பேசலாம் என்று அழைத்தார்கள். ஹேடனை அந்தச் செய்திதான் உயிரோடு வைத்திருந்தது. தினமும் காலையில் எலுனெட் வாசலில் வந்து நிற்பான்.

"அந்தத் தாள்ல என்ன இருந்துச்சுன்னு நீ சொன்னா போதும். அந்த ஆளு முழி பிதுங்கணும்."

எலுனெட் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். "என்னடி உனக்கு?" என்று நான் அதட்டிய பிறகுதான், அந்தத் தாளைத் தான் பார்க்கவேயில்லை என்ற உண்மையைச் சொன்னாள்.

"இன்னொரு தடவை பார்த்தேன்னு சொல்லித் தொலை. செத்தவ எந்திரிச்சு வரப்போறாளா?" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

"இல்லன்னு சொன்னா ஹேடன் உடைஞ்சு போயிருவான்டி. ஆமான்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் என்ன செய்வேன்?" என்று மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

மூவரும் ரயிலில் போனோம். ஹேடன் மழுமழுவென்று சவரம் செய்து, நெஸ்டாவின் அடக்கத்துக்குக் கட்டிய கறுப்பு டை கட்டியிருந்தான். குழுத் தலைவி கேட்டார்: "அந்தத் தாளை நீங்க பார்த்தீங்களா?"

எலுனெட் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இல்லைங்க. அவர் பார்த்ததா என்கிட்ட சொன்னார். நான் பார்த்ததா ஹேடன்கிட்ட சொன்னேன். தண்டனைன்னா எனக்கும் சேர்த்துக் குடுங்க."

தலைவி தணிந்த குரலில் சொன்னார்: "இது வேட்பாளர்களுக்கான சட்டம்மா. உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

திரும்பும்போது ரயிலில் எலுனெட் ஹேடன் கையைத் தொடப் போனாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"பலகையைக் கழட்டும்போது, அந்த ஆளு பேச்ச நம்பலாமான்னு நெஸ்டாகிட்ட கேட்டேன். அவன் கெடக்கான், எலுனெட் பார்த்திருக்காளே, அது போதும்னு சொன்னா."

எங்கள் ஊருக்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி, மழையில் தனியாக நடந்து போனான்.