நீட்டிப்பு வருமென்று இருந்தவன்

இங்கே கடைசி நாளன்று கூட்டம் இருப்பதில்லை. டெக்சாஸில் இந்தச் சிற்றூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். வண்டிப் பதிவைப் புதுப்பிக்கக் கடைசி நாள் என்று, சோற்றுப்பொதியும் தண்ணீர்க் குப்பியுமாகப் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண்ணைத் தவிர வேறு ஆளில்லை. எல்லோரும் முந்தைய வாரமே முடித்துவிட்டார்களாம். நாகர்கோவிலில் மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் என்றால் அது பாதிக் கல்யாண வீடு. வரிசை நகர்வதற்குள் இரண்டு சம்பந்தம் பேசி முடித்துவிடலாம்.

வடசேரியில் நான் செல்போன் கடை வைத்திருந்த காலத்தில், வரிக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போவேன். அங்கே வேலை பார்த்த தங்கராஜ் என்னோடு படித்தவன். கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால் போனால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "என்னலே மக்கா, ஆடிட்டரே இன்னும் பேனா மூடியைத் திறக்கல்ல. ஒனக்கு என்ன அவசரம்? நீட்டுவானுவ. போயி ஒரு சாயா குடி." பெரும்பாலும் நீட்டவும் செய்தார்கள். தேதி முடியப்போகும் நேரத்தில் அறிவிப்பு வரும். யாரும் விண்ணப்பிக்க வேண்டாம், யாரிடமும் தலை சொறிய வேண்டாம். மழைபோல எல்லோர் மேலும் ஒன்றாகப் பெய்யும். இந்தப் படிப்போடுதான் நான் விமானம் ஏறினேன்.

இங்கே நானும் மனைவி ஜெபாவும் கூட்டாக ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் போட்டு விற்கிறோம். எங்களைப் போன்ற கூட்டுத்தொழில்களுக்குக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் மார்ச் பதினைந்து. முதல் மூன்று வருடமும் ஜெபாதான் பார்த்தாள், ஒருநாள் பிந்தவில்லை. நான்காம் வருடம், ஆண்பிள்ளை ஒருவன் வீட்டில் எதற்கு இருக்கிறேன் என்று பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். கணக்காளர் லிண்டா போனில் கூப்பிட்டார். "பதினைந்துக்குள் முடியாது போலிருக்கிறதே, எக்ஸ்டென்ஷன் வேண்டுமா?"

"கவலைப்படாதீர்கள், எக்ஸ்டென்ஷன் வந்துவிடும்" என்றேன்.

"ஓ, வேறு யாராவது போடுகிறார்களா?"

"ஆமாம், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

நான் சொன்ன "அவர்கள்" அரசாங்கம். லிண்டா புரிந்துகொண்ட "அவர்கள்" இன்னொரு கணக்காளர். வேறு ஆளிடம் போய்விட்டவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த நாட்டில் நீட்டிப்பு தானாக வராது, அவரவர் தேதிக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும், கேட்டால் காரணம்கூட விசாரிக்காமல் ஆறு மாதம் தருவார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினைந்தாம் தேதி நான் செய்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன்.

மே மாதம் தாக்கல் செய்தோம். அபராதக் கடிதம் வந்தது. பிந்திய மாதக் கணக்குக்கு, கூட்டாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. தப்புச் செய்தவன் நான் ஒருவன். என்னைக் கட்டிய பாவத்துக்கு ஜெபாவுக்கும் அதே அளவு. பக்கத்து நகரத்து மளிகைக்கடை ஒன்று வாராவாரம் எங்கள் சிப்ஸைக் கேட்டிருந்தது. அதற்கு இன்னொரு பொரிக்கும் அடுப்பு வேண்டும். அடுப்புக்காக ஜெபா சேர்த்து வைத்திருந்ததும் அபராதமும் ஏறக்குறைய ஒரே தொகை.

முதல் தடவை என்றால் தள்ளுபடி கேட்டுப் பார்க்கலாம் என்றார் லிண்டா. "வீட்டில் நோய், மரணம் ஏதாவது உண்டா?" தங்கராஜைக் கூப்பிட்டேன். "மாமியாரை ஆஸ்பத்திரியில சேத்துட்டேன்னு எழுதுலே. பத்தாதுன்னா கொன்னுரு, அவனுவ வந்தா பாக்கப் போறானுவ?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த ஜெபா கத்தியோடு திரும்பினாள். "எங்க அம்மையைக் கொன்னாத்தான் அடுப்பு வருமோ? நடந்ததை எழுதுங்க. மூணு வருசம் சொன்ன நாளுக்குக் குடுத்திருக்கோம். நாம என்ன களவா எடுத்தோம்?"

எழுதினேன். எங்கள் ஊரில் கடைசித் தேதி என்பது அரசாங்கம் பேச்சைத் தொடங்கும் தேதி என்றும், அப்படி வளர்ந்தவன் என்பதால் இங்கேயும் காத்திருந்தேன் என்றும், அறியாமை என்னுடையது, ஏமாற்று இல்லை என்றும் எழுதினேன். லிண்டா படித்துவிட்டு, மூன்றாண்டு ஒழுங்கைச் சொல்லும் ஒரு வரி போதும், மற்றதை வெட்டிவிடு என்றார். நான் வெட்டவில்லை. பயந்தவன் மாதிரிப் பொய்யும் எழுதமாட்டேன், குற்றவாளி மாதிரி ஊரையும் மறைக்கமாட்டேன். தள்ளுபடி தராவிட்டால் அடுப்பு போகட்டும், என் ஊர் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும் என்றேன். அடுப்பு ஜெபாவுடையது என்பதால் இந்த வீரவசனத்தை அவள் இல்லாதபோதுதான் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முந்தைய ஆண்டுகள் ஒழுங்காக இருப்பதால் அபராதம் நீக்கப்படுகிறது. லிண்டா சொன்ன அந்த ஒரு வரிக்குத்தான் பதில். என் ஊரைப் பற்றிய இரண்டு பத்திக்கு மூச்சில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அடுப்பு வந்துவிட்டது. ஆனால் முதல் தடவைக்கான மன்னிப்பைச் செலவழித்தாயிற்று. இனி உடனே இன்னொன்று கிடையாது என்று லிண்டா இரண்டு முறை சொன்னார்.

இந்த மார்ச்சில் நாகர்கோவில் பக்கம் இரணியலில் மைத்துனனின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. போயிருந்தோம். கணக்கு இன்னும் முடியவில்லை, நீட்டிப்பு கேட்க வேண்டும். நானே போட்டுத் தருகிறேன் என்று லிண்டா சொன்னதற்கு, வேண்டாம், இந்தத் தடவை என் கையாலேயே கேட்கிறேன் என்றுவிட்டேன். பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்கு, பெயிண்ட் வாசனை போகாத முன்னறையில் மடிக்கணினியைத் திறந்தேன். ஜெபா பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தாள். "இத முந்தாநேத்தே செஞ்சா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். செய்திருக்கலாம். ஆனால் ஊரில் இருக்கும்போது ஊர்க்காரனாக இல்லாவிட்டால் எப்படி? பொத்தானை அழுத்தினேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "அத்தான், தேதி நேத்தோட போச்சுல்லா?"

"இங்க போச்சு மாப்ள. அங்க இன்னும் ரெண்டரை மணிக்கூர் கெடக்கு."

அவன் சுவரில் அன்று காலை கிழித்த காலண்டரைப் பார்த்தான். நான் டெக்சாஸ் நேரத்தை மாற்றாத கணினித் திரையின் மூலையில் இருந்த பதினைந்தைப் பார்த்தேன். இரண்டும் சரியாகவே இருந்தன.