மாதேஸ் மருந்து சாப்பிட்ட வியாழக்கிழமை

மாதேஸ்வரனைப் பற்றி எழுதுவதென்றால் என் ஓட்டை வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் மட்டும் சும்மா இருந்திருந்தால், அவன் மனைவி மணிமேகலை சூளகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்திருக்க மாட்டாள்.

மாதேஸுக்கு முப்பத்திரண்டு வயது. சூளகிரிக்குப் பக்கத்துக் கிராமம், இரண்டு ஏக்கர் தக்காளி. தோட்டத்தை மணிமேகலை பார்த்துக்கொள்கிறாள். இவன் ஓசூரில் எங்கள் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். பத்து வருடமாகத் தகடு தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்துபோனது. ஆள் வாயே திறக்க மாட்டான். நாலு வார்த்தை பேச வைக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு, கூண்டுச் சண்டையை இழுக்க வேண்டும். கம்பி வலைக்குள் இரண்டு பேரை விட்டு, குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாவற்றையும் அனுமதிக்கிற சண்டை. நாங்கள் ஏழெட்டுப் பேர் அதற்குப் பைத்தியம், வாட்ஸ்அப்பில் தனி குரூப்பே இருக்கிறது.

மாதேஸின் ஆள் ஒரு பிரேசில்காரன். பெயர் மத்தேயுஸ் பராந்தா. அந்தப் பெயர் எங்கள் கேன்டீனில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மத்தேயுஸ் மாதேஸ் ஆகிவிட்டான். இந்தப் பக்கம் தெருவுக்கு ரெண்டு மாதேஸ் இருக்கிறார்கள், பிரேசிலில் ஒருத்தன் இருந்தால் என்ன குறைந்துபோகிறது? எங்கள் மாதேஸுக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

பிரேசில் மாதேஸுக்கும் ஒரு கஜகஸ்தான்காரனுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை சண்டை என்று அறிவிப்பு வந்ததிலிருந்து கேன்டீனில் சோறு இறங்கவில்லை, பேச்சுதான். ஸ்டெராய்டு என்று வாய் நிறையச் சொல்லச் சோம்பேறித்தனம், அதனால் எங்களுக்கு அது வெறும் ‘மருந்து’. நான் சிவகாசிக்காரன். எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் பட்டாசுக்குள் அடைப்பதுதான் ஞாபகம் வரும். தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் அந்தச் சொல் என்னவாகக் கேட்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

“முப்பத்தாறு வயசுல எவனுக்குய்யா இப்படி முதுகு இருக்கும்? உங்க மாதேஸ் மருந்து சாப்பிடுறான், அம்புட்டுதான்” என்று அந்த வியாழக்கிழமைக்கு முந்தின வாரம் வம்பிழுத்தேன்.

“டெஸ்ட்ல மாட்னானா? மாட்ற வரைக்கும் பேசாத” என்றான் மாதேஸ்.

“மாட்டாதவன் எல்லாம் சுத்தம்னு அர்த்தமில்ல குரு” என்றான் ஹரீஷ்குமார். அத்திப்பள்ளிக் கன்னடக்காரன், எல்லாரும் அவனுக்கு ‘குரு’தான். கஜகஸ்தான் கட்சி.

மாதேஸ் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். “போன வருசம் அவனுக்குத் தோளு எறங்கிப்போச்சு. வலிக்கு ஏதாச்சும் எடுத்திருப்பான். வலிக்கிறவனுக்குத்தான் தெரியும்.”

நான் குவாலிட்டி பிரிவு. அந்தத் திமிர் வேறு. “அளவு தப்புனா ரிஜெக்ட். ஏன் தப்புச்சுன்னு பீஸ்கிட்ட நான் கேக்குறதில்ல” என்றேன். மாதேஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனான். விளையாட்டை இவ்வளவு மனதில் எடுத்துக்கொள்கிறானே என்று நாங்கள் சிரித்தோம்.

அதற்கு முந்தைய மாதம் அவன் தோள் வலியில் இரண்டு வாரம் வீட்டில் கிடந்தவன். திரும்பி வந்தபோது சூப்பர்வைசர், “முடியலைன்னா சொல்லிடு, வேற ஆளப் போட்டுக்கிறோம்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சில்லை, சரியாகச் சாப்பாடில்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அந்த வியாழக்கிழமை அவன் முதல் ஷிப்ட், நான் இரண்டாவது. காலை பதினோரு மணிக்கு என் அறையில் செய்தியைப் பார்த்தேன். மத்தேயுஸ் டெஸ்டில் மாட்டிவிட்டான், சண்டை ரத்து. ஜெயித்த குஷியில் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன்: “யோவ், மாதேஸ் மருந்தைச் சாப்பிட்டுட்டான்யா! ரத்தத்துல இருக்காம், டாக்டருங்க கன்ஃபார்ம் பண்ணிட்டாங்க. அவ்வளவுதான், ஆளு முடிஞ்சான்!” பிறகு குளிக்கப் போனேன், மெஸ்ஸில் சாப்பிட்டேன். போனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாதேஸ் அன்றைக்கென்று போனை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தான். தோட்டத்திலிருந்து வந்த மணிமேகலை, அது மினுங்குவதைப் பார்த்து என் வாய்ஸை அழுத்திக் கேட்டுவிட்டாள்.

விவசாயி வீட்டில் மருந்து என்றால் பூச்சிக்கு அடிப்பது. ஒருத்தர் மருந்தைச் சாப்பிட்டுவிட்டார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் கொட்டகைக்கு ஓடினாள். மருந்தடிப்பது மாதேஸ் வேலை, ஒரு மாதமாக அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மேல் பலகையில் எப்போதும் இருக்கும் மருந்து டப்பா அங்கே இல்லை. எனக்கு ஒன்பது தடவை போன் செய்திருக்கிறாள். பிறகு பக்கத்து வீட்டுப் பையனின் வண்டியில் ஏறிவிட்டாள்.

ஒன்றரை மணிக்கு நான் கம்பெனி கேட்டுக்கு வந்தபோது, அவள் அப்போதுதான் வந்து இறங்கி, செக்யூரிட்டி அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். காலில் தோட்டத்துச் சேறு, செருப்பில்லை. என்னைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, எந்த ஆஸ்பத்திரிண்ணா? உசுரு இருக்குதா, அத மட்டும் சொல்லுங்கண்ணா!”

பிரஸ்ஸில் கை மாட்டிக்கொண்டதோ என்றுதான் நினைத்தேன். “என்னம்மா ஆச்சு மாதேஸுக்கு?” என்று நான் கேட்க, “நீங்கதானேண்ணா சொன்னீங்க, மருந்த சாப்ட்டாருன்னு!” என்று அவள் கத்த, அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “அது பிரேசில்காரன்மா, சண்டை போடுறவன்மா” என்று உளறினேன். பிரேசில் அவள் காதில் ஏறினால்தானே! செக்யூரிட்டி உள்ளே போன் அடித்தார். மூன்று நிமிடம் ஆனது. என் ஆயுளில் அவ்வளவு நீளமான மூன்று நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

மாதேஸ் கிரீஸ் கையோடு வந்தான். “ஏ, இன்னாத்துக்கு இங்க வந்த? வூட்ல யாருக்கு இன்னா?” என்றான்.

மணிமேகலை அவன் முகத்தைத் தொட்டாள். தோளைத் தொட்டாள். பிறகு பளாரென்று ஒன்று விட்டாள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் செக்யூரிட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“கொட்டாய்ல டப்பா எங்க?”

மாதேஸ் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“தெருக்கோடி நாராயணம்மா வூட்ல குடுத்து வச்சிருக்கறேன்.”

“எப்போ?”

“தோளு வலில படுத்துனு இருந்தனே, அப்போ. அது கண்ணுல பட்டுனே இருந்துச்சு. நம்ம வூட்ல வேணாம்னு தோணுச்சு.”

எங்கள் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த இரண்டு வாரம் இவன் எதனோடு சண்டை போட்டிருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஒரு மாதம் தாமதமாக, ஆள் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, இவன் தானாகவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தானே, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது?

மணிமேகலை அவன் பக்கத்தில் போனாள். கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணிச் சங்கு ஊதி எல்லாரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தபோதும் விடவில்லை.

மறுநாள் நானும் ஹரீஷ்குமாரும் சூப்பர்வைசரிடம் போய் நின்றோம். மாதேஸுக்கு இப்போது பேக்கிங் வேலை, தகடு தூக்குவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டை இல்லாததால் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். களியும் கோழிக் குழம்பும். மாதேஸ் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான். நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த இன்னொரு மாதேசு எதுக்குண்ணா மருந்து எடுத்தான்?” என்று கேட்டாள் மணிமேகலை.

“தோள் வலிக்குன்னு சொல்றான்மா.”

அளவு, ரிஜெக்ட் என்றெல்லாம் அன்று நான் பேசவில்லை. அவள் என் இலையில் குழம்பை ஊற்றினாள்.

“அவனுக்கு வூட்ல ஆளு இருக்குதா? இருந்தா மொதல்ல அவங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க, வலிக்குதுன்னு.”

மாதேஸ் தலை நிமிரவில்லை. இடது கையை மட்டும் வலது தோளில் வைத்துக்கொண்டு, “இப்பக்கூட வலிக்குது” என்றான்.