முதலாளி உட்காராத நாற்காலி

பச்சை ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி அது. பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையில் இருக்கிற கோபாலபுரத்தில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் கிடந்தது. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது, கடைதான் எங்களுடையது இல்லை. ஒருமுறை ஒயர் அறுந்தபோது பச்சை கிடைக்காமல் நடுவில் மட்டும் சிவப்பு வைத்துப் பின்னிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பது போலத் தோன்றும். கடைக்கு முதலாளி என் வீட்டுக்காரர். நாற்காலியும் முதலாளிக்கென்று வாங்கியதுதான். ஆனால் நான் கல்யாணமாகி அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததிலிருந்து அவர் அதில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. லாரி டிரைவர் உட்காருவார். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு கொண்டுபோகிறவர் உட்காருவார். பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைத்தாய்ச்சி உட்காருவாள். அவர் பக்கத்தில் நின்றபடியே காசு வாங்கிப் போடுவார். "வந்தவங்கள நிக்க வெச்சுப்போட்டு நாம உக்காந்தா சோறு செமிக்காதுங்க" என்பார். யாருக்குச் செரிக்காது, சாப்பிட்டவர்களுக்கா உங்களுக்கா என்று கேட்டால் சிரிப்பார்.

அவர் வாயில் எல்லோரும் முதலாளி. "வாங்க முதலாளி", "முதலாளிக்கு இன்னும் ரெண்டு பொரோட்டா", "முதலாளி எலைய எடுக்கோணுங்களா?" எங்கள் கடைக்குப் பாதிப் பேர் தமிழ் பேசிக்கொண்டு வருவார்கள், பாதிப் பேர் மலையாளம் பேசிக்கொண்டு வருவார்கள். முதலாளி என்றால் இரண்டிலும் முதலாளிதான். எங்கள் ஊரில் செக்போஸ்ட்டில் நிற்காமல் இரண்டு பக்கமும் போய்வந்தது அந்த ஒரு சொல்தான் என்று நான் அவரைக் கேலி செய்வேன். சம்பளத்துக்கு இருப்பவர்களையும் அப்படியேதான் கூப்பிடுவார். எங்கள் பொரோட்டா மாஸ்டர் இடுக்கிப் பக்கம் சக்குபள்ளத்துக்காரர், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். வந்த புதிதில், தன்னை நக்கல் செய்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு, பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு பஸ் நிறுத்தம் வரை போய்விட்டார். இவர் பின்னாலேயே போய், "முதலாளி கோவிச்சுக்கிட்டா கடை எப்படிங்க நடக்கும்?" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். யாராவது "இது யாரு கடைங்க?" என்று கேட்டால், "உங்க கடைதானுங்க" என்பார். எங்கள் பக்கத்தில் தோப்பைக் காட்டி, வீட்டைக் காட்டி, "என்னுது" என்று சொல்பவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அது பணிவு கூட இல்லை. மூச்சு விடுவது போல ஒரு பழக்கம்.

வரிச் செக்போஸ்ட்டை எடுத்த பிறகு லாரிகள் நிற்பதில்லை. நிற்காத லாரிக்கு யார் சோறு போடுவது? மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். கோயமுத்தூரில் வெளிநாட்டு விசா எடுத்துக் கொடுக்கிற ஒரு ஏஜெண்ட் குளிர்ந்த அறையில் எங்களை உட்காரவைத்து விளக்கினார். "இது வேலைக்குப் போற விசா இல்லீங்க. முதல் போட்டு, கடை வெச்சு, முதலாளியாப் போற விசா. நீங்களே நின்னு நடத்தோணும், அந்த ஊர்க்காரங்களுக்கு வேலை குடுக்கோணும். நல்லபடியா நடத்தினா விசாவைப் புதுப்பிச்சுத் தருவாங்க, அப்புறம் பாப்பா அங்கயே படிச்சு அங்கயே இருந்துக்கலாம்." வெளியே வந்ததும் நான், "இனியாவது ஒழுங்கா முதலாளியா இருங்க" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். தென்னந்தோப்பை விற்றோம். கடையை மாஸ்டரே வாங்கிக்கொண்டார், அவர் அண்ணன் தம்பிகள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தார்கள். அந்த நாட்டின் பெயரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அங்கே போய் நன்றாக இருக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கட்டும்.

அது சின்ன ஊர். மழை, இல்லாவிட்டால் பனி, இரண்டும் இல்லாவிட்டால் இரண்டும் வரப்போகிற மாதிரி ஒரு வானம். அங்கே நாங்கள் வைத்த தோசைக் கடைக்கு அந்த ஊர்க்காரர்களே வந்தார்கள். வேலைக்கு ஐம்பது வயது தாண்டிய உள்ளூர்ப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். பரிமாறுவாள், பில் போடுவாள், முழங்கால் வலி வந்தால் முனகுவாள். இவருக்கு அந்த ஊர் மொழியில் தெரிந்த சொற்கள் குறைவு. ஆனால் முதலாளி என்பதற்கு அங்கே என்ன சொல் என்பதை மட்டும் விமானம் ஏறும் முன்பே கற்றுக்கொண்டுவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் பாஸ். "வாங்க பாஸ்", "உட்காருங்க பாஸ்". அந்தப் பெண்ணும் பாஸ். கல்லாவுக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டோம். முழங்கால் வலிக்காரி உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, சரிதான், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது பிடித்தே இருந்தது. கோபாலபுரம் எங்கேயும் போய்விடவில்லை என்று ஒரு தைரியம்.

விசா புதுப்பிக்கிற காலம் வந்தபோது ஒரு அதிகாரி மத்தியான நேரத்தில், சாப்பிட வந்தவர் போலவே வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே இல்லை. அவர் பார்த்தது இதுதான். நாற்காலியில் ஒரு உள்ளூர்ப் பெண் உட்கார்ந்து பில் போடுகிறாள். ஒரு இந்தியர் மேஜை துடைக்கிறார். துடைத்துவிட்டு அவளிடம், "டீ வேணுமா பாஸ்?" என்று கேட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதிகாரி அவளிடம் இங்கே யார் முதலாளி என்று கேட்டார். அவள் விளையாட்டாக, "அவரைக் கேட்டால் நான்தான் என்பார்" என்றாள். அதிகாரி இவரிடம் திரும்பி, "நீங்கள்தானா இந்தக் கடையின் உரிமையாளர்?" என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்து, கோபாலபுரத்தில் சொல்வது போலவே, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "உங்க கடை சார். நீங்கதான் ஓனர். உட்காருங்க."

எங்கள் விசா வக்கீல் போனில் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே விளங்கியது. முதல் போட்டவர் தொழிலை நடத்துபவராகத் தெரியவில்லை, கடைக்குப் பின்னால் வேறு யாரோ இருக்க வேண்டும், இவர் வேலையாள் போலத்தான் இருக்கிறார் என்று சொல்லி விசாவைப் புதுப்பிக்க மறுத்திருந்தார்கள். மறுபடி பரிசீலிக்கக் கேட்டோம். இன்னொரு முறை வந்து பார்ப்பார்கள், அதுவே கடைசி என்றார் வக்கீல். அவர்கள் வரும்போது இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆட்களை வேலை ஏவ வேண்டும், யாரையும் பாஸ் என்று கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் செய்ய வேண்டியது. மகளின் படிப்பு, விற்ற தோப்பு எல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்தே இருப்பாரா என்பதில் வந்து நின்றது.

வீட்டில் பழகினார். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு என்னை ஏவிப் பார்த்தார். "தண்ணி கொண்டா" என்று சொல்லவேண்டும். அவர் வாயில், "ஏனம்மிணி, சித்த தண்ணி கொண்டாறீங்களா?" என்றுதான் வந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இங்கிலீசுல 'ங்க' கெடையாதுப்பா, அதுலயே சொல்லுங்க" என்றாள். இங்கிலீஷிலும் அவர் முகத்தில் அந்த 'ங்க' இருந்தது. ஆனாலும் விடாமல் பழகி, ஒரு மாதிரி தேறிவிட்டார். அந்த நாட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

அதிகாரி மறுபடி வந்த அன்று எல்லாம் சொன்னபடியே நடந்தது. இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கல்லாவில் அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் முழங்கால் வலியோடு நின்று பரிமாறினாள், அவளிடமும் எல்லாம் சொல்லி வைத்திருந்தோம். பள்ளி விடுமுறை, மகள் என்னோடு அடுப்படியில் நின்றாள். கதவு திறந்தது. அதிகாரி உள்ளே வந்து, குடையை மடக்கி, தலை நனைந்து, கல்லாவுக்கு எதிரே நின்றார். நின்றார் என்பதுதான் எல்லாம். ஒரு மனிதர் நனைந்து வந்து தன் எதிரே நிற்பதை என் வீட்டுக்காரர் பார்த்தார். அவர் எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரிந்திருக்காது. நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் ஒரு தட்டுத் தட்டி, அதிகாரியின் பக்கம் உருட்டிவிட்டு, "உட்காருங்க பாஸ்" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா ஏம்மா எந்திரிச்சாரு?" அவ்வளவுதான் கேட்டாள். நான் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவி முடித்ததையே திரும்பவும் கழுவினேன். எனக்கு அழுகை வரவில்லை. அவர் மேல் கோபம் வர வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. வெகுநேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்த காலைக் கிள்ளினால் எப்படியோ அப்படி இருந்தது. இன்னமும் அப்படித்தான் இருக்கிறது. லாபம் வராவிட்டாலும் முதல் தேறும் என்பார்கள், எங்களுக்கு முதலுக்கே மோசம். ஊர் திரும்பி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் காலேஜுக்குப் போகிறாள். அங்கே படிக்கப்போவதாக இருந்த படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பாவிடம் மரியாதையாகத்தான் இருக்கிறாள், முன்னைவிட அதிக மரியாதை. அதைப் பார்த்தால் மட்டும் எனக்கு எங்கேயோ லேசாக வலிக்கிறது.

வந்த பிறகு வெகுநாள் அவர் கோபாலபுரம் பக்கமே போகவில்லை. ஒரு நாள் பொள்ளாச்சிக்குப் போய்விட்டு வரும்போது பஸ் அங்கே நின்றது. நான்தான் இறங்கச் சொன்னேன். கடை அப்படியே இருந்தது. நல்ல வெயில், கூட்டம் இல்லை. மாஸ்டர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது, நடுவில் அதே சிவப்பு. எங்களைப் பார்த்ததும் மாஸ்டர் தோள் துண்டை எடுத்து நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினார். "வாங்க முதலாளி, வாங்க. உக்காருங்க. என்ன முதலாளி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றார்.

நான் காத்திருந்தேன். இவர் என்ன சொல்வார் என்பது எனக்கு மனப்பாடம். "அட, நீங்க உக்காருங்க முதலாளி" என்பார், மாஸ்டரின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைப்பார், பக்கத்தில் நின்றுகொள்வார். அந்த ஒரு வாக்கியம் அன்று அங்கே சொல்லப்பட்டிருந்தால், போனதெல்லாம் போகட்டும் என்று நானும் ஒரு டீ குடித்திருப்பேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். அதன் கைப்பிடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்துகொண்டார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல.

இப்போது வாரத்தில் பாதி நாள் மத்தியானம் அங்கே போய்விடுகிறார். மாஸ்டர் டீ கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. நேற்று நான் கூப்பிடப் போனபோது வாசலிலிருந்தே பார்த்தேன். இவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் பக்கத்தில் நின்று, சாப்பிட்டுப் போகிறவர்களிடம் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.