பெரியப்பா மாட்டிய இருக்கை

அக்கா புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கே பெரியப்பா மருமகனின் காருக்குள் புகுந்துவிட்டார். குழந்தை இருக்கையைப் பின்சீட்டில் வைத்து, முழங்காலால் முழு பாரத்தையும் அதன்மேல் அழுத்தி, பெல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கார் உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருடமாக இதுதான் அவர் வேலை. அங்கே அவருக்குப் பெயரே முட்டி.

"என்ன மாமா, புள்ளைக்கு சீட்டு மாட்டுறீங்களா, தூக்குமேடை கட்டுறீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

பெரியப்பா இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு விரற்கடைகூட நகரவில்லை. பதினான்கு மாதப் பேரனைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, தோளின் மேல் வரும் பெல்ட்டைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ள வரவில்லை, அந்த அளவுக்கு இறுக்கம்.

"முன்னால திருப்பி வைங்கப்பா. என் மூஞ்சி தெரியலன்னா வழியெல்லாம் அழுவான்" என்றாள் அக்கா.

"அழட்டும்மா. கழுத்து இன்னும் பிஞ்சு. திடீர்னு வண்டி நின்னா தலை முன்னால பிய்ச்சுக்கிட்டுப் போகும். இப்படி இருந்தா முதுகோட சேர்த்து சீட்டு தாங்கிக்கும்."

"ரெண்டு நாளா இதே பாட்டு" என்றாள் அக்கா. கார் கிளம்பியது.

மதியம் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதினார்கள். அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் சிராய்ப்புதான். குழந்தைக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் பெரியப்பாவைப் பார்த்ததும் அக்கா எழுந்து வந்தாள். "பெல்ட்டு நழுவிடுச்சு. உங்க முட்டி அன்னைக்கு சும்மாதான் அழுத்திச்சாப்பா?"

பெரியம்மா அதோடு விடவில்லை. "ஊரான் புள்ளைக்கெல்லாம் ஒழுங்கா மாட்டினீங்களே. சொந்தப் பேரனுக்குன்னா கை விளங்காமப் போச்சா?"

"அந்த சீட்ட நான் ஒரு தடவ பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"பழைய சாமான்காரனுக்குப் போட்டாச்சு. பார்த்து என்ன கிழிக்கப் போறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

கடைக்கும் சேதி போனது. முதலாளி அவரைக் கார்களுக்குள் கால்மிதி விரிக்கும் வேலைக்கு மாற்றினார். "கால்மிதி நழுவினா யாரும் சாக மாட்டாங்கண்ணே" என்று உடன் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பாவும் கூடச் சிரித்தாராம். அக்கா வீட்டில் அவரை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். பேரனைப் பார்க்க விடவில்லை.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டை காரில் அதே மாதிரி இருக்கையை மாட்டி, பன்னிரண்டு கிலோ மணல் மூட்டையை அதில் கட்டி வைத்து, முன்னும் பின்னும் வெறிபிடித்தவர்போல் உலுக்கிக்கொண்டிருந்தார் பெரியப்பா. ஞாயிறுதோறும் இதே வேலை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இருக்கை அசையவே இல்லை.

"நழுவலையே பெரியப்பா."

"இன்னைக்கு நழுவல. அன்னைக்கு மட்டும் எதையோ விட்டுட்டேன். எதைன்னு தெரிஞ்சுட்டா போதும். அவகிட்ட போய் கால்ல விழுந்துடுவேன்."

அப்போது அவர் போனில் குறுஞ்செய்தி மணி ஒலித்தது. மாப்பிள்ளையின் பெயரைக் கண்டதும் கைகளை வேட்டியில் அவசரமாகத் துடைத்தார். இத்தனை வருடத்தில் அங்கிருந்து வந்த முதல் சேதி. "கண்ணாடி உள்ள இருக்கு. நீ படிம்மா. புள்ளைக்கு எப்படி இருக்காம்?"

முழுதாகப் பார்க்காமல் சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டேன். பாதியில் நிறுத்தினேன். "மேல படி" என்றார்.

"மாமா, லாரி கேஸ் அடுத்த வாரம் வருது. உங்களையும் விசாரிப்பாங்க. புள்ள அழுறான்னு பெட்ரோல் பங்க்ல நாங்கதான் சீட்டைக் கழட்டி முன்னால திருப்பி மாட்டினோம். அது தெரிஞ்சா தப்பு எங்க மேல வந்துடும். நீங்களே அப்படி மாட்டினதா சொல்லிடுங்க. பழி ஏற்கனவே உங்க மேலதானே இருக்கு, புதுசா உங்களுக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது."